சாம்பல் மண்ணில் ஒரு முழம்

இன்று காலை என் ஸ்கூட்டர் சீட்டில் ஒரு கூகை கக்கிவைத்துவிட்டுப் போயிருந்தது. கட்டைவிரல் பருமனில் ஓர் உருண்டை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடச் சொன்னாள் என் மனைவி. நான் அதைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் ஒரு டம்ளரில் ஊறப்போட்டேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே காரியத்துக்காக நான்கு நாள் என்னோடு பேசாமல் இருந்தவள். வயது எல்லோருக்கும் ஏதோ ஒரு விதத்தில் நன்மை செய்கிறது.

ஊறிய உருண்டையை ஊக்கால் பிரித்தேன். மயிரும் எலும்பும் தனித்தனியாக வந்தன. மூன்று சுண்டெலி, ஒரு மூஞ்சூறு. "வெள்ளெலி ஒண்ணுகூட இல்லவே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லக்கூடியவர் கோவில்பட்டியில் நீர் ஒருவர்தான் இருந்தீர். நீர் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

நீர் முதன்முதலாக என் தீப்பெட்டி ஆபீசுக்கு வந்த நாள் ஞாபகம் வருகிறது. தீப்பெட்டி செய்கிற இடத்தை நம்மூரில் ஆபீஸ் என்பார்கள். அந்தப் பெயரை நம்பி, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று தொழிலில் இறங்கியவன் நான். கல்லூரியில் விலங்கியல் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, நூறு பெட்டி வேண்டும் என்றீர்.

"குச்சி வேண்டாம். வெறும் பெட்டி போதும்."

"உள்ள என்னத்த வைக்கப்போறீரு?"

"பல்லு."

"யாரு பல்லு?"

"எலிப் பல்லு."

பெட்டியில் குச்சி குறைகிறது என்று புகார் சொல்லி வந்தவர்கள் எத்தனையோ பேர். குச்சியே வேண்டாம் என்று வந்த முதல் ஆள் நீர். கணக்குப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பேரேட்டில் எதையோ தேட ஆரம்பித்தார். லேபிள் கோணலாக ஒட்டிக் கழித்துப்போட்ட பெட்டிகளில் நூற்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எலிக்குப் பல் கட்டுகிற இடத்தைப் பார்த்துவிடலாம் என்று உம்மோடு கிளம்பினேன். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

பசுவந்தனை போகிற வழியில், சுப்பையா அண்ணாச்சியின் உளுந்துக் காட்டை ஒட்டி அந்த ஓடை இருந்தது. ஓடை என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. வருடத்தில் நான்கு நாள் தண்ணீர் ஓடும். மிச்ச நாளில் ஆடு ஓடும். ஆனால் அந்த நான்கு நாள் தண்ணீர் கரையைச் செங்குத்தாக அறுத்து வைத்திருந்தது. மேலே நெஞ்சளவுக்குக் கரிசல். அதற்குக் கீழே, நத்தை ஓடுகள் கலந்த சாம்பல் நிற மண். நீர் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி, கோயிலில்கூட ஆட்கள் நின்று நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் யானை எலும்பத்தான் தேடுதான்" என்றீர். "யானைக்குக் காலு நீளம். தண்ணி வத்துனா அடுத்த சீமைக்கு நடந்துரும். எலிக்கு ரெண்டு வயக்காடுதான் ஒலகம். நெலம் மாறுனா எலி செத்துரும், வேற எலி வந்துரும். அதனால எந்த மண்ணுல எந்த எலிப் பல்லு கெடக்கோ, அதுதான்வே அந்தக் காலத்து வானிலை அறிக்கை."

வானிலை அறிக்கை எலியிடமிருந்து வந்தால் நம்பலாம் என்று எனக்கும் தோன்றியது. ரேடியோவில் வருகிறதை அப்போது நான் நம்புவதை விட்டிருந்தேன்.

கூகை எலியை முழுசாக விழுங்குகிறது. சீரணமாகாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்குகிறது. மழை அதைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகிறது. எலும்பு நொறுங்கினாலும் பல் நிற்கிறது. இதை எனக்குப் புரியவைக்கத்தான் மூடிக்கிடந்த பஞ்சுமில்லுக்குக் கூட்டிப்போய், கூகை உட்காரும் உத்தரத்துக்குக் கீழே இரண்டு கிழடுகளைப் போலக் குனிந்து பொறுக்க வைத்தீர். அந்த உருண்டைகளை வீட்டு டம்ளரில் ஊறப்போட்டதற்குத்தான் அந்த நான்கு நாள் மௌனம்.

மண்ணிலிருந்து பல்லை எடுக்க மண்ணைக் கரைக்க வேண்டும், சல்லடையில் அலச வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். கோவில்பட்டியில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் காற்று வந்து, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரும் வந்துகொண்டிருந்த காலம். ஊர் காய்ந்த கதையை எழுதுவதற்காகக் குடிதண்ணீரைச் செலவழிக்க உமக்கு மனசு வரவில்லை. சுப்பையாவின் பம்புசெட்டில் கேட்டீர். ஆட்டுக் கிடையும் நாலு ஏக்கர் உளுந்தும் வைத்திருந்தவர் அவர். நம் இரண்டு பேரையும்விட ஏழெட்டு வயது பெரியவர்.

"தண்ணியில்லாத ஊர்ல மண்ணக் குளிப்பாட்டுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். "குளிப்பாட்டிட்டு என்ன செய்வீக, பவுடர் போடுவீகளா?"

"பொட்டு மட்டும் வைப்போம் அண்ணாச்சி" என்றீர். மோட்டாரைப் போட்டுவிட்டார்.

மூன்று வருடம் அப்படிப் போயிற்று. நீர் கரையை முழம் முழமாக அளந்து மண் எடுத்தீர்; ஒவ்வொரு முழத்துக்கும் தனிச் சாக்கு; ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு லேபிள் பெட்டி. கரிசலில் கிடைத்த பற்கள் மயில் படம் போட்ட பெட்டிக்குள், சாம்பல் மண்ணின் அடியில் கிடைத்தவை ஒட்டகப் பெட்டிக்குள். அடிச் சாம்பல் மண்ணில் வந்ததெல்லாம் தண்ணீரும் நாணலும் இருக்கிற இடத்தில் வாழ்கிற பெரிய எலியின் பல். அதற்குச் சதுப்பெலி என்று பெயர் வைத்திருந்தீர். நம் பூமியில் நாணல்! இதை நகராட்சிக்கு ஒரு மனுவாக எழுதிப்போடும், பழைய தண்ணீர் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். நீர் சிரிக்கவில்லை. கையில் பல் இருக்கும்போது நீர் சிரிப்பதில்லை. மூச்சுக் காற்றில் பறந்துவிடும்.

கரிசலில் கிடைத்தவை வெள்ளெலியின் பற்கள். காய்ந்த வெட்டவெளியில், தண்ணீரைக் கண்ணால் பார்க்காமலே காலத்தை ஓட்டுகிற பிராணி. நம்மைப் போல. கேள்வி இவ்வளவுதான்: சதுப்பெலி போய் வெள்ளெலி வந்தது எப்போது? அதற்குப் பதில் என்று நீர் நம்பியது, சாம்பல் மண்ணின் மேல்பகுதி ஒரு முழத்தில் இருந்தது. அங்கே சதுப்பெலிப் பற்களோடு கலந்து ஏழு வெள்ளெலிப் பற்கள் கிடைத்தன. கரிசல் மண் வருவதற்கு முன்பே, தண்ணீர் வற்ற வற்ற, வெள்ளெலி வந்துவிட்டது என்று அர்த்தம்.

"இந்த ஊரு காய ஆரம்பிச்ச நாளு இந்த ஒரு முழத்துக்குள்ள இருக்குவே" என்றீர். கரையில் கையை வைத்துக்கொண்டு சொன்னீர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நையாண்டி பேசுகிறவனுக்குச் சிலிர்ப்பது ஒரு சங்கடம்; உடனே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டேன்.

அந்த ஏழு பல்லின் மேல்தான் உம்முடைய டாக்டர் பட்ட ஆய்வேடு நின்றது. வேலை பார்த்துக்கொண்டே செய்கிற ஆராய்ச்சி. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது என்று எழுதிவிட்டார்கள். உமக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் டாக்டர்களாகி, துறைத் தலைவர் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் தம் ஆய்வேட்டைத் தாமே இன்னும் படிக்கவில்லை என்று பேச்சு. உமக்கு நாற்காலி மேல் பெரிய ஆசை இல்லை. ஆசை உம் மனைவிக்கு இருந்தது. புதுவீட்டுப் பெயர்ப்பலகையில் உம் பெயருக்கு முன்னால் நாலு விரற்கடை இடம் விட்டு எழுதச் சொன்னது அவர்தான். வருகிறவர்களெல்லாம் பெயிண்டர் கோணலாக எழுதிவிட்டதாக நினைத்தார்கள்.

அந்தச் சித்திரை மாதம், கடைசிச் சாக்கை அலசினோம். அதே மேல் முழத்து மண். நீர் பம்புசெட் நிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தீர். சல்லடை என் கையில் இருந்தது. சேறு கரைந்து போக, நத்தை ஓடுகளுக்கும் சுண்ணாம்புச் சுக்கான் கற்களுக்கும் நடுவில் அது கிடந்தது. எரிந்த தீக்குச்சி.

பல்லாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழில் இருந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. வேறு எப்படி வைத்துக்கொண்டாலும் பிரச்சினைதான். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேலே கிடப்பது வெடிப்பு வழியாகக் கீழே போகிறது. மழை பெய்ததும் மண் உப்பி வாயை மூடிக்கொள்கிறது. ஒரு குச்சி போகிற வழியில் ஒரு பல் போகாதா? உம் ஏழு வெள்ளெலிகளும் போன வருடம் செத்தவையாக இருக்கலாம். நிறம் சாட்சி சொல்லாது. கரிசல் ஒரே மழையில் எதையும் கறுக்கடித்துவிடும்.

கரிசலில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு இது மூன்று வருடமாகத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு வெடிப்புக்குள் பேனாவைப் பறிகொடுத்து அடி வாங்கியவன் நான். நீர் படித்த புத்தகங்களில் வெடிப்பு இல்லை. அவை வேறு மண்ணில் எழுதப்பட்டவை. புத்தகத்தில் இல்லாததால், கண்ணால் பார்த்ததுகூட நமக்கு மறந்துபோயிருந்தது.

சுப்பையா என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன அது?"

"வேரு" என்றேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் பக்கத்து நியாயங்களை அன்றைக்கே அடுக்கிவிட்டேன். குச்சி என் பையிலிருந்தே சல்லடையில் விழுந்திருக்கலாம். சாக்கில் முதலிலேயே ஒட்டியிருந்திருக்கலாம். வீட்டில் போய் எடுத்துப் பார்த்தேன். அதன் ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல் மண் இறுகிச் சிமென்ட் மாதிரி பிடித்திருந்தது. அன்று காலையில் விழுந்த குச்சி அல்ல. குச்சியின் சீவலைப் பார்த்தாலே எந்த ஆபீஸ் குச்சி என்று சொல்லிவிடுவேன். அது என் ஆபீஸ் குச்சி. ஏதோ ஒரு பழைய கோடையில், அந்தக் கரையில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்று நானே வெடிப்பில் போட்டதாகக்கூட இருக்கும்.

உமக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கெடுதல்களில் பாதி இந்த நினைப்பில் செய்தவை.

மூன்று வாரம். நீர் எழுதி முடித்து டைப் அடிக்கக் கொடுத்தீர். ஐந்தாம் அதிகாரம் அடித்தாகிவிட்டது என்று சொல்ல ஒரு சாயங்காலம் ஆபீசுக்கு வந்தீர். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனோம். உம் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த நிம்மதிதான் என்னைப் பேசவைத்தது. அது பார்க்கச் சகிக்கவில்லை.

"ஒரு விசயம் சொல்லணும்."

"சொல்லும்."

"கடைசிச் சாக்குல ஒரு தீக்குச்சி கெடந்துச்சு."

நீர் டீயை ஊதுவதை நிறுத்தினீர். "எந்தச் சாக்கு?"

"சாம்பல் மண்ணு. மேல் மொழம்."

"முழுக்குச்சியா, எரிஞ்சதா?"

"எரிஞ்சது."

"யாரு ஆபீஸ் குச்சி?"

"நம்ம ஆபீஸ்தான்."

"நம்ம ஆபீஸ் குச்சி எரிஞ்சிருக்குன்னா அதுவே ஒரு கண்டுபிடிப்புதான்வே" என்றீர். இரண்டு பேரும் சிரித்தோம். டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் கேட்டீர்: "எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம்."

கிளாசைப் பெஞ்சில் வைத்தீர். "மூணு வாரமா நீங்க எங்கிட்ட சொல்லல."

அவ்வளவுதான். அறிமுகமான நாளிலிருந்து என்னை நீர் என்றே பேசியவர், அன்று நீங்க என்றீர். அதைவிட மோசமாக என்னை யாரும் ஏசியதில்லை. டீக்கு நீரே காசு கொடுத்துவிட்டு நடந்துபோனீர். போகும்போது டைப் அடிக்கிற கடைக்குள் நுழைந்ததைப் பார்த்தேன். வெளியே வரும்போது உம் கையில் தாள்கட்டு இருந்தது.

எட்டு நாள் கழித்து ஆபீஸ் வாசலில் உம் சைக்கிள் நின்றது. "வே, பச்சைச் சாயம் போட்ட குச்சி ஐந்நூறு வேணும்" என்றீர். வே என்று கேட்டதும், ஐயாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வைகாசி வெயிலில், சுப்பையா காட்டு வெடிப்புகளில் அவற்றைப் போட்டுவிட்டு வரப் போனோம். ஆபீசில் குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற பெண்களுக்கு அன்று வேலை ஓடவில்லை.

"மொதலாளியும் சாரும் குச்சி வெதைக்கப் போறாவளாம்."

"மொளைச்சா தீப்பெட்டி மரம்ட்டி. உலுக்குனா பண்டல் பண்டலா விழும்."

"மொளைக்கட்டும். நாம வீட்ல இருக்கலாம்."

ஐப்பசி, கார்த்திகை மழை வந்தது, போனது. மாசியில் தோண்டினோம். பெரும்பாலான குச்சிகள் கரிசலுக்குள்ளேயே கிடந்தன. நெஞ்சளவு ஆழம் தாண்டி, சாம்பல் மண்ணின் மேல் முழத்தில், மூன்று. பச்சை லேசாக மங்கியிருந்தது. நீர் குழிக்குள் உட்கார்ந்து, மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர். உம் முகத்தில் சந்தோஷம் இருந்தது. இன்றுவரை எனக்கு முழுசாக விளங்காத சந்தோஷம்.

"தெரிஞ்சுபோச்சுல்லா" என்றீர்.

சுப்பையா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "இத எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு வார்த்தைல சொல்லிருப்பேனே. போன வருசம் என் டார்ச்சு லைட்டு இதுக்குள்ளதான போச்சு."

"கேக்காதது தப்புதான் அண்ணாச்சி" என்றீர். குழிக்குள்ளிருந்து கைகூப்பியபடி சொன்னீர். அவர் சங்கடப்பட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏழு பல்லையும் கணக்கிலிருந்து நீக்கினீர். எறியவில்லை. தனிப் பெட்டியில் போட்டு, லேபிளின் மேல் காகிதம் ஒட்டி, 'தெரியாது' என்று எழுதினீர். அவை உண்மையிலேயே பழையவையாக இருக்கலாமே என்று நான் வாதாடினேன். "இருக்கலாம்வே. இருக்கலாம்னா அது என் ஆசை. எலி பொய் சொல்லாது. பொறுக்குதவன்தான் சொல்லுவான்" என்றீர். இந்தப் பூமியில் ஒரு காலத்தில் சதுப்பு இருந்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அது எப்போது காய்ந்தது என்று சொல்ல முடியவில்லை. இது பாதிக் கதை, இன்னும் நாலைந்து இடத்தில் குழி தோண்டிப் பாருங்கள் என்று உம் ஆய்வு வழிகாட்டி எழுதினார். குழி தோண்டுவதற்குள் பதிவுக்காலம் முடிந்துவிட்டது. நீர் தோண்டிக்கொண்டுதான் இருந்தீர், குளத்தூர்ப் பக்கம்கூடப் போனீர். யாரும் கேட்காமல், யாருக்கும் சமர்ப்பிக்காமல், ஓய்வு பெறுகிற வரைக்கும்.

உம் வீட்டுப் பெயர்ப்பலகையைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை.

நீர் போன அன்று, பங்குனி வெயிலில் உம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பழைய மாணவர்கள் ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நல்ல போட்டோ. பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் டாக்டர். அன்பினால் செய்தது, உம்மிடம் படித்தவர்கள் யாரும் உம்மை டாக்டர் இல்லை என்று நினைத்திருக்கவே மாட்டார்கள். நான் வண்டியைத் திருப்பி, கடையில் கெட்டியான ஒரு மார்க்கர் பேனா வாங்கினேன். மெயின் ரோட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு சுவராக அந்த ஒரு வார்த்தையை அடித்துக்கொண்டு வந்தேன்.

டீக்கடைக்காரர் இறங்கி வந்தார். "என்ன அண்ணாச்சி, செத்துப்போனவிய பட்டத்தப் போய் அடிக்குதீங்க? உங்களுக்கும் அவியளுக்கும் எதும் பிரச்சினயா?"

"இல்ல. அவரு வாங்கல."

"வாங்கலன்னா என்ன, போட்டும். இப்ப யாரு வந்து கேக்கப்போறா?"

கேட்கக்கூடிய ஆள் உள்ளே ஐஸ் பெட்டியில் இருக்கிறார் என்று சொல்லவில்லை. அடித்துக்கொண்டே போனேன். உம் தெருவுக்குள் நுழையும்போது தப்பு மேளச் சத்தம் பக்கத்தில் கேட்டது. பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு உம் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

பதினாறாம் நாள், பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, உம் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

"போஸ்டர்ல அடிச்சது நீங்கதானா அண்ணாச்சி?"

"ஆமா."

"அவிய இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாவ." தெருப் பக்கம் பார்த்தார். "நம்ம தெரு முக்குல ஒண்ணு அடிக்காம கெடக்கு. பால் வாங்கப் போறப்ப தெனமும் பாக்கேன்."

என் கை சட்டைப் பைக்குப் போனது.

"அது மட்டும் கெடக்கட்டும் அண்ணாச்சி."

சரி என்றேன். எல்லாவற்றையும் நேராகப் பார்க்கிற ஒரு மனுசரோடு அந்த அம்மாள் முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார். அந்த நாலு விரற்கடை இடம் வெறுமையாகவே இருந்துவிட்டது. ஒரு நாள்கூட அதை அவர் உம்மிடம் சொல்லிக்காட்டியிருக்க மாட்டார்.

வடக்குப் பார்த்த சுவர் அது, வெயில் படாது. மழை வந்தால்தான் கிழியும். நம்மூர் மழையைப் பற்றி உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி போனது, ஆவணி போனது. சினிமா போஸ்டர் ஒட்ட வந்த பையனை இரண்டு முறை எதிர்ச்சுவருக்கு அனுப்பினேன். ஒரு கட்சிக்காரர் பசை வாளியோடு வந்தபோது, அந்தச் சுவருக்கு ராசியில்லை, போன தேர்தலில் ஒட்டியவர் டெபாசிட் இழந்தார் என்றேன். நம்பினார். ஐப்பசிக் கடைசியில்தான் மழை இறங்கியது. ஆக, எட்டு மாதம் நீர் உம் தெருவில் டாக்டராக இருந்தீர், வறட்சியின் உபயத்தில்.

உம்மிடமிருந்து நான் மறைத்தவை மொத்தம் இரண்டு. முதலாவதுக்கு இன்றுவரை வருந்துகிறேன். இரண்டாவதுக்கும் வருந்த முயன்று பார்த்தேன். வரவில்லை.